ஓவியப் பேராசான் நந்தலால் போஸ்

கிறிஸ்து பிறப்பு விழாவும் புத்தாண்டும் பொங்கலும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தணையும் மார்கழித் திங்களில், பெரம்பலூர், அரியலூர் ஆகிய எம் பகுதிகளிலுள்ள இல்லங்கள் பலவற்றில் ஒரு சிறு கைத்தொழில் நடைபெறுதலைக் காணலாம். தடித்த தாளை மடித்து வெட்டி, அதன் முகப்பில் கோலமோ விண்மீனோ கரும்போ எழுதி, வண்ணத்தாளின் துண்டுகளை ஒட்டி, உற்றார்க்கும் நண்பர்க்கும் ஆசிரியர்க்கும் வாழ்த்து மடல் செய்து அனுப்புவர் சிறுவர். அச்சிட்ட மடல்கள் கடைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. கைப்பேசி வழியாக நொடிப்பொழுதில் நூறு பேர்க்கு வாழ்த்து அனுப்புதலும் எளிது. ஆயினும் இத்தொழில் முற்றிலும் அற்றுப் போகவில்லை. தேர்வு நெருங்கும் வேளையில் பசையும் கத்தரிக்கோலுமாய் அமர்ந்திருக்கும் பிள்ளையைக் கண்டு, இவ்வேலை சோறு போடுமோ என்று மனம் நொந்து கொள்ளும் பெற்றோரும் உளர். அவர்தம் அச்சம் பொய்யன்று. ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்னர் இதே அச்சத்தைத் தம் வீட்டார்க்கு உண்டாக்கிய வங்காள இளைஞர் ஒருவரின் வரலாற்றையே யாம் ஈண்டு எழுதப் புகுந்தோம். அவர்தாம் நந்தலால் போஸ். இந்திய அரசியலமைப்பு நூலின் மூலப்படியை ஓவியங்களால் அணிசெய்தவர் என்று அவரைப் பலரும் அறிவர். வாழ்நாளின் பெரும்பகுதியில் தபால் கார்டுகளிலே கையால் சித்திரம் எழுதி அன்பர்க்கு அனுப்பியவர் என்பதைச் சிலரே அறிவர். எம் உள்ளத்தைக் கவர்ந்தது இப்பிற்செய்தியே.

மடலின் பழைமையைப் பற்றி ஒரு சொல் கூறி அப்பாற் செல்வோம். இங்கிலாந்தில் ஹென்றி கோல் என்பவர் 1843-ஆம் ஆண்டில், ஹார்ஸ்லி என்னும் ஓவியரைக் கொண்டு கிறிஸ்து பிறப்பு வாழ்த்து மடல் ஒன்றை வரைவித்து, ஆயிரம் படிகள் அச்சிட்டார். படியொன்றின் விலை ஒரு ஷில்லிங். அக்காலத்துக் கூலியாளர்க்கு அது சிறிய தொகையன்று. நம் நாட்டில் தபால் கார்டு தோன்றியது 1879-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாளில். அதன் விலை கால் அணா. ஏழையும் தன் உறவினர்க்கு ஒரு செய்தி விடுக்கலாம் என்னும் நிலையை அக்கால் அணாக் கார்டே உண்டாக்கிற்று. அது பிறந்து மூன்றாண்டு கழித்து நந்தலால் பிறந்தார்.

அவர் பிறந்த நாள் 1882 டிசம்பர் 3. பிறந்த ஊர் இன்றைய பீகாரிலே முங்கேர் மாவட்டத்துக் கரக்பூர். தந்தையார் பூர்ணசந்திர போஸ், தர்பங்கா ஜமீனில் அலுவல் பார்த்தவர். தாயார் க்ஷேத்திரமணி தேவியார் ஓவியப் பள்ளி எதனையும் கண்டவரல்லர். ஆயினும் கிடைத்த பொருளைக் கொண்டு பிள்ளைகட்குப் பொம்மையும் விளையாட்டுப் பொருளும் செய்து கொடுப்பதிலும் தையல் வேலையிலும் கைதேர்ந்தவர். நந்தலாலின் முதல் ஆசான் அவரே எனல் மிகையன்று. அவ்வூர்க் குயவரும் படிமம் செய்வாரும் மண்ணைப் பிசைந்து உருவம் சமைப்பதைச் சிறுவர் நந்தலால் நாள்தோறும் சென்று நோக்குவர். வீடு திரும்பித் தாமும் அங்ஙனமே செய்து பார்ப்பர். எட்டாம் அகவையில் அன்னையை இழந்தார். அன்னையின் கைவேலை மட்டும் அவர் நினைவிலே தங்கிற்று.

1898-இல், பதினைந்து வயதினராய்க் கல்கத்தா நகரையடைந்து உயர்நிலைப் பள்ளியிற் சேர்ந்தார். 1902-இல் பள்ளித் தேர்வைத் தாண்டினார். அதன் பின்னர்த் தொடங்கிற்று இடர். கல்லூரி வகுப்பில் தேறவில்லை. ஒரு கல்லூரியை விட்டு மற்றொன்றிற் புகுந்தார். ஆண்டும் அவ்வாறே ஆயிற்று. 1903-இல் சுதீராதேவியாரை மணம் முடித்து வைத்தனர். குடும்பப் பொறுப்பு வந்தால் படிப்பிற் கருத்துச் செல்லும் என்று எண்ணினார் போலும். 1905-இல் மாநிலக் கல்லூரியில் வணிகப் பாடம் எடுத்தார், அதுவும் கைகூடவில்லை. ஓவியம் பயில வேண்டும் என்று அவர் கேட்ட போதெல்லாம் வீட்டார் இசையவில்லை. அவர்களைக் குறை கூறுவதெங்ஙனம்? மணமான மகன், வருவாயில்லாதவன், தேர்வுதோறும் தோற்றவன், சித்திரம் எழுதப் போகிறேன் என்று நின்றால் எந்தத் தந்தை மகிழ்வார்? நம் கல்லூரியில் ஆண்டுதோறும் தேர்வு முடிவு வெளியாகும் நாளில் தாழ்வாரத்தில் தலைகவிழ்ந்து நிற்கும் தோழரைக் காணுங்கால், எமக்கு இவ்விளைஞரின் நினைவு வாராமற் போவதில்லை.

இறுதியில் வீட்டார் உளம் இளகினர். கல்கத்தா ஓவியப் பள்ளியில் அப்போது தலைவராய் இருந்தவர் ஹாவெல் துரை. இவர் முன்னர்ச் சென்னை ஓவியப் பள்ளியில் பல ஆண்டு தலைமை பூண்டவர் என்பது நாம் நினைவிற் கொள்ளத்தக்கது. அவர்க்கு அடுத்த நிலையில் இருந்தவர் அபனீந்திரநாத தாகூர். நந்தலால் தாம் எழுதிய படங்களைச் சுருட்டிக் கையிற் கொண்டு அவர்பாற் சென்றார். இராபேல் வரைந்த கன்னித்தாய் ஓவியத்தைப் பார்த்து எழுதிய படி ஒன்றும் அவற்றுள் இருந்தது. பள்ளியிலே வைத்துப் பிள்ளையார் உருவம் ஒன்றை எழுதுமாறு சோதித்தனர், ஹாவெல் துரை கண்டு மகிழ்ந்தார், இடம் கிடைத்தது. தேர்விலே தோற்றவர் ஓவியத்திலே ஐந்தாண்டு பயின்றார். அபனீந்திரர்க்கு அவர் மாணவராகவும் மகனாகவும் ஆனார்.

அதன் பின்னர் அவர் வளர்ச்சி விரைந்தது. 1908-இல் கீழ்நாட்டுக் கலைக் கழகத்தின் கண்காட்சியில் சிவனும் சதியும் என்னும் ஓவியத்திற்கு ஐந்நூறு ரூபாய் பரிசு பெற்றார். அப்பணத்தை வீட்டில் வைத்துக் கொள்ளாது, வடநாட்டுக் கோயில்களையும் பழஞ் சிற்பங்களையும் காணும் பயணத்தில் செலவிட்டார். 1909-ஆம் ஆண்டின் பனிக்காலத்தில் ஹெரிங்காம் அம்மையார் அஜந்தாக் குகை ஓவியங்களைப் படியெடுக்க வந்தபோது, நிவேதிதை அம்மையாரின் தூண்டுதலால் அப்பணியிற் சேர்ந்தார். குகையின் மங்கிய ஒளியில் பழைய ஓவியனின் கோட்டைத் தம் கோட்டால் தொடர்ந்து சென்ற அத்திங்கள்கள் அவர் கைக்கு ஒரு புதுப் பயிற்சியாயின. இக்காலத்திலேதான் ஆனந்த குமாரசாமியோடும் பழகினார். கொழும்பிலே தமிழ்த் தந்தைக்குப் பிறந்த அப்பேரறிஞரும் நிவேதிதை அம்மையாரும் எழுதி, 1913-இல் வெளியான இந்து பௌத்தப் பழங்கதை நூலுக்கு ஓவியம் எழுதியோருள் நந்தலால் தலைசிறந்தவர்.

அக்காலத்தில் அவர் எழுதிய புராண ஓவியங்கள் புகழ் மிக்கவை. ஆயினும் எம் கருத்தை ஒளியாது கூறின், அவை சிறிது சோர்வுடையவையாகவே எமக்குத் தோன்றுகின்றன. மங்கிய வண்ணமும் கவிந்த கண்ணும் வாடிய கையுமாய் நிற்கும் தெய்வ வடிவங்கள் அவை. அவற்றில் காணாத உயிர்ப்புப் பின்னாளில் அவர் எழுதிய ஓர் ஆட்டுக்குட்டியில் இருக்கின்றது. இம்மாற்றம் எவ்வாறு வந்தது?

இதற்கு விடை கூறுவோர் ஒரு நிகழ்ச்சியை எடுத்துரைப்பர். ஜப்பானியக் கலையறிஞர் ஒககூரா 1912-இல் இரண்டாம் முறை இந்தியாவிற்கு வந்தபோது, நந்தலாலின் முன் மூன்று தீக்குச்சிகளை முக்கோணமாக வைத்துக் காட்டினாராம். ஒரு குச்சி இயற்கை. மற்றொன்று முன்னோர் மரபு. மூன்றாவது கலைஞனுடைய சொந்த ஆற்றல். ஒன்று குறைந்தாலும் முக்கோணம் நில்லாது என்பது அவர் உணர்த்திய பொருள். மரபினை நந்தலால் முன்னரே கற்றிருந்தார். சொந்த ஆற்றலும் உடையவர். குறைந்திருந்த குச்சி இயற்கையே. அது அவர்க்குச் சாந்திநிகேதனத்திலே கிடைத்தது.

கவியரசர் இரவீந்திரநாத தாகூர் 1914-லேயே அவரைச் சாந்திநிகேதனத்திற்கு அழைத்துப் பாராட்டியிருந்தார். 1919-இல் ஆங்குக் கலாபவனம் தோன்றியது. அதன்பின் இரு தாகூர்களுக்கும் இடையே நந்தலால் சிறிது காலம் இழுபட்டார். தம் தலைமாணவரைக் கல்கத்தாவிலே வைத்துக் கொள்ள விரும்பினார் அபனீந்திரர். தம் கலைக்கழகத்திற்கு வேண்டினார் கவியரசர். ஆசிரியர்க்குச் செய்ந்நன்றி மறவாமையும் தம் உள்ளம் அவாவிய இடத்திற்குச் செல்லலும் ஒருங்கே இயலாத இடர்ப்பாடு அது. இறுதியில் சாந்திநிகேதனமே வென்றது. கலாபவனத்தின் பொறுப்பை ஏற்று, 1951 வரை அவ்விடத்தை விட்டு நீங்காது பணிபுரிந்தார்.

சாந்திநிகேதனம் அமைந்த வீரபூம் மாவட்டம் செம்மண் பூமி. மழைநீர் அரித்த பள்ளங்களும் அவற்றின் கரையிலே தனித்து நிற்கும் பனைமரங்களும் அங்கே மிகுதி. அரியலூரினின்று ஜெயங்கொண்டம் செல்லும் வழியைக் கண்டவர்க்கு அந்நிலத்தின் தோற்றம் எளிதில் விளங்கும். காரை என்னும் சிற்றூரின் அரித்த மேடுபள்ளங்களைக் கண்ட பெரம்பலூரார்க்கு இன்னும் எளிது. அப்பனையும் அச்செம்மண்ணும், சந்தாலப் பெண்டிரும், வண்டி மாடும், கோபாய் ஆற்றின் வளைவும் நந்தலாலின் கார்டுகளிற் புகுந்தன.

வெளியே செல்லுங்கால் கார்டுகளும் தூரிகையும் அவர் உடன் செல்லும். கண்டதை ஆங்காங்கே சில கோடுகளில் எழுதுவார். கார்டின் ஒரு பக்கத்தில் முகவரி; மறுபக்கத்தில் சித்திரம். மாணவர்க்கு, மாணவியர்க்கு, நண்பர்க்கு, தம் ஆசான் அபனீந்திரர்க்கு என்று தபாலிலே அவை சென்றன. விடுமுறைக்கு வீடு சென்ற மாணவனுக்கு ஆசிரியரிடமிருந்து நலம் வினவும் கடிதமாய் வந்தது ஒரு பனைமரமாக இருக்கும். அல்லது கொம்பு தாழ்த்தி நிற்கும் ஆடாக இருக்கும். கடற்கரைக்குச் சென்றால் படகும் வலைஞரும். மலைக்குச் சென்றால் ஊசியிலை மரமும் மூடுபனியும். இங்ஙனம் எழுதியவை எண்ணிக்கையில் ஆயிரங்களைத் தொடும். இன்று அவற்றுட் பல காட்சிச்சாலைகளில் இடம் பெற்றுள்ளன. பெற்றவர் பலர் அவற்றைப் பெட்டிக்குள் வைத்துப் போற்றியதனாலன்றோ அவை எஞ்சின!

இக்கார்டுகளின் அருமை யாது? ஓவிய நூற் பயிற்சி எமக்கில்லை. தமிழிலக்கியம் பயில்வோர் என்னும் முறையிலேயே சொல்லுகின்றோம். குறள் வெண்பா ஏழே சீரில் அடங்குவது போலக் கார்டும் ஒரு கையளவிலே அடங்குவது. அதன்கண் எல்லாவற்றையும் எழுதவியலாது. விடுவது எது என்னும் தெளிவு வேண்டும். மையினால் எழுதியதை அழிக்கவும் இயலாது. நந்தலால் பனையின் ஓலை முழுதும் எழுதார். தண்டிற்கு ஒரு கோடு, தலைக்கு நான்கு வீச்சு, எஞ்சியது வெறுந்தாள். அவ்வெறுந்தாளே வானமாகவும் வெயிலாகவும் நின்றுவிடும். 1924-இல் கவியரசரோடு சீனத்திற்கும் ஜப்பானுக்கும் சென்று, அந்நாட்டார் மைத்தூரிகையால் செய்யும் வித்தையை நேரிற் கண்டதும் இதற்கு உதவிற்று. ஒன்று மட்டும் ஐயமின்றிக் கூறலாம். ஒருவர்க்கென்றே எழுதப்பட்டமையால் அச்சித்திரங்களில் ஒரு நெருக்கம் உண்டு. கண்காட்சிக்கென எழுதும் ஓவியத்தில் அது வாய்ப்பதரிது.

கைவேலையையும் ஓவியத்தையும் அவர் வேறாகக் கருதினாரல்லர். கலாபவனத்தில் மாணவர் ஓவியத்தோடு தையல், பாடிக் சாயத்தொழில், தோல் வேலை முதலியவும் பயின்றனர். வங்காளப் பெண்டிர் அரிசி மாவைக் கரைத்துத் தரையில் எழுதும் ஆல்பனா என்னும் கோலத்திற்குப் பாடத்தில் இடம் கொடுத்தார். நம் மகளிர் வைகறையில் வாயிலில் இடும் கோலத்திற்கு உடன்பிறப்பே அது. அவர் மகளார் கௌரி அம்மையார் அக்கலையில் வல்லவராய் விளங்கினார். ஓவியம் பயின்றவன் வயிற்றுக்கு என் செய்வான் என்று தம் வீட்டார் ஒருகாற் கேட்ட கேள்வியை நந்தலால் மறக்கவில்லை என்றே யாம் எண்ணுகின்றோம். கலைஞர் தம் கைவேலையால் பிழைக்க வழிதேடிக் காருசங்கம் என்னும் கூட்டுறவு ஒன்றை 1930-ஐ ஒட்டித் தோற்றுவிக்க அவர் முன்னின்றது அதனாலேயே போலும்.

அச்சு முறையையும் அவர் விட்டுவைக்கவில்லை. மரக்கட்டையிலும் லினோலியம் என்னும் தரைவிரிப்புப் பலகையிலும் செதுக்கி அச்சிடும் முறை, ஆந்திரே கார்ப்பெலே என்னும் பிரெஞ்சு ஓவியப் பெண்மணியார் வாயிலாகக் கலாபவனத்திற் பரவிற்று. முறை எளிது. வெள்ளையாக நிற்க வேண்டிய இடத்தை உளியாற் செதுக்கி எடுத்துவிட்டு, எஞ்சிய மேட்டின்மீது மையை உருட்டித் தாளை வைத்து, கரண்டியின் முதுகினாற் தேய்த்தாலும் போதும், படம் பதியும். ஒரு பலகையினின்று நூறு மடல் எடுக்கலாம். எழுத்துக்களை மட்டும் கண்ணாடியிற் காண்பது போல் இடவலம் மாற்றிச் செதுக்குதல் வேண்டும். வீட்டில் மடல் செய்வார்க்கு இதனினும் சிறந்த முறை வேறில்லை. 1930-இல் காந்தியடிகள் உப்புக்காகத் தண்டிக்கு நடந்தபோது, கோலூன்றி அடியெடுத்து வைக்கும் அவர் வடிவத்தைக் கரிய நிலத்தில் வெள்ளைக் கோடுகளாக நந்தலால் செதுக்கியது இம்முறையிலேதான். நாடெங்கும் அறிந்த படம் அது. அதே ஆண்டில் கவியரசர் குழந்தைகட்கென வெளியிட்ட சகஜ பாடம் என்னும் வங்க அரிச்சுவடிக்கும் அவர் படங்களே அழகு செய்தன.

காந்தியடிகள் அவரைப் பலமுறை அழைத்தார். 1936-இல் இலட்சுமணபுரிக் காங்கிரசிலும், அவ்வாண்டின் இறுதியில் பைஸ்பூர் என்னும் சிற்றூரிற் கூடிய காங்கிரசிலும் பந்தல் அணி செய்தார். ஊரிற் கிடைக்கும் மூங்கிலும் ஓலையும் கொண்டே அணி செய்தல் வேண்டும் என்பது அடிகளின் விருப்பம். 1938 பிப்ரவரியில் குஜராத்தைச் சார்ந்த ஹரிபுராவில் நடைபெற்ற மாநாட்டிற்கு அவர் எழுதிய படங்களே அவர் பணிகளுள் முடிமணி என்பது எம் துணிபு. கையாற் செய்த தாளை அட்டையில் ஒட்டி, மண்ணினின்று எடுத்த காவியும் மஞ்சளும் கரியும் சுண்ணமும் கொண்டு, பறையடிப்போன், தச்சன், செருப்புத் தைப்போன், நெல் குத்தும் பெண், ஊதுகுழலோன் எனக் கிராமத்து மக்களை விரைந்த தூரிகையால் எழுதினார். அவர் எழுதியவற்றை மாணவர் படியெடுக்க, ஏறத்தாழ நானூறு படங்கள் ஆயின. அவற்றை மாளிகைச் சுவரில் மாட்டவில்லை. மாநாட்டிற்கு வரும் உழவரும் கூலியாளரும் நடந்து செல்லும் வாயில்களிலும் பந்தல்களிலும் வைத்தனர். வண்ணத்திற்காக அவர் எவ்வணிகனையும் நாடிச் செல்லவில்லை. காவியும் சுண்ணாம்பும் எம் ஊர்களில் எத்தனை மலிவு என்பதை யாம் சொல்லவும் வேண்டுமோ? சுண்ணாம்புக் கல்லாலேயே பேர் பெற்றது அரியலூர்.

நாடு விடுதலை பெற்றபின் அவர்க்கு வந்த பெரும்பணி அரசியலமைப்பு நூலை அணிசெய்தல். ஆங்கில மூலப்படியைப் பிரேம் பிஹாரி நாராயண் ராய்ஜாதா தம் அழகிய கையெழுத்தால் எழுதினார். அதன் பகுதிகளின் தலைப்பிலே சிந்துவெளி முத்திரை தொடங்கி விடுதலைப் போர் ஈறாக நம் நாட்டு வரலாற்றை ஓவியங்களாக அமைத்தவர் நந்தலாலும் அவர் மாணவர் குழுவும் ஆவர். முகப்புரைப் பக்கத்தின் அணி அவர் மாணவர் பியோகார் ராம்மனோகர் சின்காவின் கைவண்ணம். அவ்வோவியங்களுள் மாமல்லபுரத்துச் சிற்பமும் சோழர் செப்புத் திருமேனி மரபிலமைந்த ஆடவல்லான் வடிவும் இடம்பெற்றுள்ளன. கங்கைகொண்ட சோழபுரத்தை எல்லைக்குட் கொண்ட அரியலூர் மாவட்டத்தார் அதனை எண்ணி மகிழ்தல் இயல்பு. 1950 ஜனவரி 26-இல் அவ்வமைப்பு நடைமுறைக்கு வந்தது. பலர் கூடிச் செய்த அரசுப் பணியாதலின், அதில் அவருடைய தனிக் கையை ஹரிபுராப் படங்களிற் போலக் காண்டல் அரிது என்பதையும் கூறிவிடுகின்றோம்.

பட்டங்களைப் பற்றி நீட்டுவதிற் பயனில்லை. 1954-இல் பத்மவிபூஷண் வழங்கினர். அதற்கு முன்னரே விசுவபாரதி தேசிகோத்தமர் என்று சிறப்பித்தது. அவர்க்கு உண்மையான பெருமை மாணவரே. வினோதபிகாரி முகர்ஜி, ராம்கிங்கர் பெய்ஜ் ஆகிய இருவரும் அவர் கீழ்ப் பயின்று ஆசானினும் வேறான வழிகளிற் சென்றனர். தம்மைப் போல எழுதாதவரைத் தம் பக்கத்திலேயே ஆசிரியராக வைத்துக் கொண்டார் என்பது சிறு செய்தியன்று. தமிழ்க் குடியிற் பிறந்து கேரளத்தில் வளர்ந்த கே. ஜி. சுப்பிரமணியன் 1944 முதல் ஆங்குப் பயின்று, பின்னாளில் நாடறிந்த கலைஞராய் விளங்கி 2016-இல் மறைந்தார். பொம்மையும் கண்ணாடி ஓவியமும் சுவர்ச் சித்திரமும் எல்லாம் ஒரே கலை என்னும் கொள்கை அவர்க்கு ஆசானிடமிருந்து வந்த செல்வம்.

பணியினின்று ஓய்வுற்ற பின்னரும் நந்தலாலின் தூரிகை ஓயவில்லை. முதுமையில் வண்ணத்தைக் குறைத்துக் கொண்டு, கருமையினாலேயே நாள்தோறும் சிறு சித்திரங்கள் எழுதி வந்தார். 1966 ஏப்ரல் 16-ஆம் நாள் கல்கத்தாவில் உயிர் நீத்தார். அகவை எண்பத்து மூன்று.

அவர் மறைந்து ஏழாண்டு கழித்து, 1973-இல் கலாபவனத்தார் நந்தன் மேளா என்னும் சந்தையொன்றைத் தொடங்கினர். ஆண்டுதோறும் டிசம்பர் முதலிரு நாள்களில் அது கூடுகின்றது. மாணவரும் ஆசிரியரும் தம் கையாற் செய்த வாழ்த்து மடல்களும் நாட்காட்டிகளும் மட்கலங்களும் அச்சுப் படங்களும் கொணர்ந்து, எளியோரும் வாங்கத்தக்க விலையில் விற்பர். ஈட்டிய பணம் இடருற்ற மாணவர்க்கு உதவும் நிதியிற் சேர்கின்றது. மறுநாள் டிசம்பர் 3, ஆசானின் பிறந்த நாள்.